ஏழாம் கட்டத்துப் பறவைகள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் கழுத்துவலியும் சேர்ந்தே நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுது, அனுப்புகிறேன்.

போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பயப்படாதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நீ கோபித்துக்கொள்வாய், நாலாவது நிமிஷம் நான் அழுவேன், விஷயம் அப்படியே நிற்கும். அதோடு உன் போன் எப்போதும் மோட்டார் கொட்டகையில் ஆணியில்தான் தொங்குகிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு புது ஆய்வு. வயல்வெளியில் எத்தனை விதமான உயிர்கள் வாழ்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் படத்தை வைத்தே சொல்ல முடியுமா என்று பார்க்கிறோம். பாய் விரித்த மாதிரி ஒரே பயிர் இருக்கும் இடத்தில் உயிர்வகை குறைவு. நடுவே வேலி, குட்டை, மரம், தரிசு என்று கலந்து கிடக்கும் இடத்தில் அதிகம். அந்தக் கலப்பு மேலிருந்து நன்றாகத் தெரியும். ஆனால் அங்கே நிஜமாகவே பறவை இருக்கிறதா என்று வானத்துக்குத் தெரியாது. தரையில் நின்று எண்ணிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பன்னிரண்டு நிலங்களைப் பொறுக்கியிருக்கிறோம். பன்னிரண்டாவது உன்னுடையது.

எங்கள் மேலாளருக்கு என்னைவிட இருபது வயது குறைவு. அறையை எப்போதும் பதினெட்டு டிகிரியில் வைத்திருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் குளிர்பெட்டி. "சொந்த அக்காவா? வேலிக்கு ஓணான் சாட்சியா மேடம்?" என்று சிரித்தார். நான் அவருக்குப் பஸ் கதையைச் சொன்னேன். பள்ளிக்கூடம் போக முனையில் நிற்போமே, பஸ்ஸை முதலில் பார்ப்பவளுக்கு ஜன்னலோரம் என்று பந்தயம். செங்கல் சூளைக்கு அந்தப் பக்கம் புழுதி கிளம்பும்போதே நீ "வந்துடுச்சு" என்பாய். எனக்கு அதற்கப்புறம் ஐந்து நிமிஷம் கழித்துத்தான் தெரியும். ஆறு வருஷமும் ஜெயித்தது நீ. ஆறு வருஷமும் ஜன்னலோரம் உட்கார்ந்தது நான். "அந்தக் கண்ணு தப்பு பண்ணாது சார்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

உன் நிலத்தில் ஒன்பது கட்டங்கள் குறித்து வரைபடம் வைத்திருக்கிறேன். மாதம் ஒருநாள் காலையில் ஒவ்வொரு கட்டத்திலும் பத்து நிமிஷம் நின்று, எத்தனை வகைப் பறவை, எத்தனை வகை வண்ணத்துப்பூச்சி என்று படிவத்தில் குறித்துத் தபாலில் அனுப்பு. கையால் எழுதிய மூலத்தாள்தான் வேண்டுமாம்.

அப்புறம், அத்தான் போனபோது நீ கொடுத்த வாக்கு ஞாபகம் இருக்கட்டும். கை, கால், கண், எது ஒன்று ஒத்துழைக்காவிட்டாலும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட வேண்டும். உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை கூடப் போட்டாயிற்று.

உன் தங்கை

*

ஜனவரி 29

வாலுக்கு,

நான் திடமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அந்தக் குளிர்பெட்டி அறையில் காதை மூடிக்கொண்டு உட்கார்.

ஐம்பத்துநாலு வயதாகியும் உன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரியே இருக்கிறது. அடுத்த தடவை கொஞ்சம் பெரிதாக எழுது. தாள் என்ன பஞ்சமா?

படிவம் வைத்திருக்கிறேன். பறவை பதினேழு வகை. வண்ணத்துப்பூச்சி ஐந்து வகை, எல்லாம் உன் அத்தான் நட்ட வேலியில்தான். மூன்றாம் கட்டம் என்று போட்டிருக்கிறாயே, அதுதான். அவர் மருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்த வருஷம் "இனி இந்த நிலத்துல ஒரு சொட்டு விழாது" என்று தெளிப்பானைக் கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டார். அப்புறம்தான் அந்த வேலியை நட்டார். இப்போது இரண்டாள் உயரம். தெளிப்பான் தொட்டியில் நான் சாமந்தி வைத்திருக்கிறேன்.

எதிர்வயல்காரர் உன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என் நிலத்துக்கு ஏன் கட்டம் போடல?" என்று கோபித்துக்கொண்டார். அவருக்கும் அவர் தம்பிக்கும் ஒன்பது வருஷமாக வழக்கு நடக்கிறதல்லவா, வாய்க்காலுக்கு அந்தக் கரை முழுக்கப் புதர் மண்டிக் கிடக்கிறது. வழக்கு முடிகிற வரைக்கும் பறவைகளுக்குத்தான் அங்கே அனுபவ பாத்தியதை.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. அந்தப் படத்தில் நான் தெரிவேனா?

வாக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது. எனக்கு என்ன கேடு, கல்லு மாதிரி இருக்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன், ஆறவைத்து. முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். எழுத்தும் பெரிதாகிவிட்டது பார்.

நீ தெரியமாட்டாய். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதற்குள் நீ, கிணறு, ஆடு, உலரும் துணி எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். ஆனால் நீ இல்லாவிட்டால் அந்த நிறம் மாறும். பயிர் வாடும், களை ஏறும், மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அப்படிப் பார்த்தால் தினமும் உன்னைத்தான் பார்க்கிறேன்.

நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி இருக்கிறது. செழிப்பான இலை அதைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். படத்தில் அதைச் சிவப்பாகக் காட்டுவோம். அத்தான் நட்ட வேலி அதில் எப்படி இருக்கிறது தெரியுமா? வகிட்டில் இழுத்த குங்குமம் போல ஒரே கோடு. குளிர்பெட்டி கூட நின்று பார்த்தார்.

செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒருமுறை உன் தலைக்கு மேல் போகும். காலை பத்தரை மணி. மேகம் இல்லாவிட்டால் மறுநாள் படம் என் மேசையில். நம் வீட்டுக் கூரை நான்கு புள்ளி. வேலை தொடங்கும் முன் அந்த நான்கு புள்ளியையும் ஒரு தடவை பார்த்துவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. இங்கே என் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்க் குழாய்கள்தான் தெரியும்.

பதினேழு வகையைக் குளிர்பெட்டியிடம் காட்டினேன், "பரவாயில்லையே" என்றார். ஒரு புகார் மட்டும்: நீ போடும் குறிகள் கட்டத்தை விட்டு வெளியே ஓடுகின்றன. பள்ளிக்கூடத்தில் என் தலையில் குட்டிக் குட்டிக் கோட்டுக்குள் எழுத வைத்தவள் நீ!

தங்கை

*

மார்ச் 8

வாலுக்கு,

தைலம் வந்தது. கால் கொஞ்சம் சமாதானமாகியிருக்கிறது. உன் கழுத்துக்கும் அதையே போடு.

குறி வெளியே ஓடுகிறது என்றால் நீ கட்டத்தைப் பெரிதாகப் போடு. முழங்காலில் வைத்து எழுதினால் வரி கோணத்தான் செய்யும். ஒவ்வொன்றுக்கும் மேசை நாற்காலி போட எனக்கென்ன அலுவலகமா?

ஐந்து நாளுக்கு ஒருமுறை பத்தரை மணிக்கு நான் களத்தில் நின்று மேலே பார்த்துக் கையாட்டுகிறேன். நேற்று எதிர்வயல்காரர் பார்த்துவிட்டார். "யாருக்கு டாட்டா?" என்றார். "என் தங்கச்சிக்கு" என்றேன். அவர் போய்க் குடையை எடுத்து வந்து கையில் கொடுத்துவிட்டு, "வெயில் ஏறிடுச்சு, தலைக்குக் காட்டாதீங்க" என்று போய்விட்டார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே முடிவு கட்டியிருப்பார்.

இந்த மாதம் நல்ல கலகலப்பு. கொண்டலாத்தி வந்துவிட்டது, விடிந்ததும் மூன்று தடவை கூப்பிட்டது. காடை சோளத்துக்குள் கத்திக்கொண்டே இருக்கிறது. மரங்கொத்தி தச்சுவேலை ஆரம்பித்தாயிற்று. ஏழாம் கட்டம், வாய்க்கால் ஓரம், அங்கே மட்டும் பதினான்கு வகை! உட்கார்ந்து கேட்டால் எழுந்திருக்க மனசு வராது. வண்ணத்துப்பூச்சி இந்தத் தடவை ஒன்றுதான்.

நீ பஸ் கதையைச் சொன்னதிலிருந்து அதே நினைப்பு. ஒருநாள் மழையில் நனைந்துகொண்டே நின்றோம். எனக்குப் பஸ் தெரிந்துவிட்டது. உன் சிலேட்டில் வீட்டுக்கணக்கு பாதிதான் முடிந்திருந்தது, அதனால் நான் சொல்லாமல் இருந்தேன். பஸ் பக்கத்தில் வரும் வரைக்கும் நீ எழுதி முடித்தாய். அன்றைக்கு மட்டும் பஸ்ஸை முதலில் பார்த்தது நீதான் என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

அக்கா

*

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

கழுத்துக்குத் தைலம் போட்டேன், அலுவலகமே மணக்கிறது. நீ நலமா? குடை பிடித்துத்தானே கையாட்டுகிறாய்?

அந்த மழைநாள் பந்தயத்தில் நான் ஜெயித்தேன் என்று நாற்பத்தேழு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். நன்றி, அக்கா.

இங்கே ஒரு சிக்கல். எழுதவே சங்கடமாக இருக்கிறது. போன வாரக் கூட்டத்தில் பன்னிரண்டு நிலங்களின் கணக்கையும் படங்களோடு ஒப்பிட்டார்கள். பதினொன்று ஏறக்குறைய ஒத்துப்போகிறது. உன்னுடையது மட்டும் முரண்டு பிடிக்கிறது. ஏழாம் கட்டம் படத்தில் வெறும் மக்காச்சோளம், மரம் இல்லை, புதர் இல்லை. அங்கே பதினான்கு வகை எப்படி வரும் என்று கேட்கிறார்கள். மூன்றாம் கட்டத்து வேலியோ பூத்துக் குலுங்குகிறது. ஆனால் வண்ணத்துப்பூச்சி ஐந்திலிருந்து நாலு, நாலிலிருந்து ஒன்று, நேற்று வந்த இந்த மாதப் படிவத்தில் பூஜ்யம். தண்ணீர் பாய்ச்சிய வயலில் கொக்கு ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

"படம் தப்பா, உங்க அக்கா தப்பா மேடம்? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க" என்றார் குளிர்பெட்டி. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "படம் தப்பு" என்றேன். முப்பது வருஷம் படத்தை நம்பிச் சம்பளம் வாங்கிய நான், அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்குள் அதை நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வு என் கையை விட்டுப் போய்விடும்.

அவர் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார், அப்படியே எழுதுகிறேன்: 'அந்த நிலத்தில் சமீபத்தில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டதா?' வண்ணத்துப்பூச்சி இப்படிக் குறைந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இது அவர் கேள்வி, என்னுடையது இல்லை.

தங்கை

*

ஏப்ரல் 16

கேள்வி அவருடையதாக இருக்கலாம். கையெழுத்து உன்னுடையது.

தெளிப்பான் தொட்டியில் சாமந்தி வைத்திருக்கிறேன் என்று ஜனவரியிலேயே எழுதினேன். அதன் பிறகும் கேட்கிறாய். உன் அத்தான் இருந்து இதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பார்.

மீதிப் படிவங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் நலம். நீயும் நலமாக இரு.

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மே மாதம் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. போன் அடித்து ஓய்கிறது. உன் கடிதம் வரவில்லை, உன் வயல் மட்டும் ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. அறுவடை முடிந்தது தெரிகிறது. கீழ்ப்பாத்தியில் தண்ணீர் நிற்பது தெரிகிறது. நீ பத்தரை மணிக்குக் களத்துக்கு வருகிறாயா என்பது தெரியவில்லை.

எழுத்து ஏன் விரல் அளவு இருக்கிறது, தாளுக்கு ஏழே வரி ஏன் என்று கேட்பாய். இதை நீ யாரிடமும் கொடுக்காமல் நீயே படிக்க வேண்டும், அதனால்தான்.

படம் தப்பு என்று நிரூபிக்க உன் நாலு படிவங்களையும் மேசையில் பரப்பி மூன்று வாரம் உட்கார்ந்தேன். படத்தில் தப்பு எதுவும் இல்லை. பிறகு நீ எழுதியதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொண்டலாத்தி, காடை, மரங்கொத்தி, குயில், சிட்டு, வாலாட்டி. எல்லாம் சத்தம் போடுகிறவை. எழுதாமல் விட்டவை எவை? கொக்கு கத்தாது. மேலே வட்டமிடும் பருந்து எப்போதாவதுதான் கத்தும். வண்ணத்துப்பூச்சிக்குக் குரலே இல்லை.

ஏழாம் கட்டம் வாய்க்கால் ஓரம். அந்தக் கரையில் எதிர்வயல்காரருடைய வழக்குப் புதர். அந்தப் பதினான்கு வகையும் அங்கேதான் இருக்கின்றன, இல்லையா? அங்கிருந்து கத்துவது உனக்கு ஏழாம் கட்டத்தில் கேட்கிறது. ஜனவரியில் எறும்பெழுத்து என்றாய். குறி கட்டத்தை விட்டு ஓடியது. மார்ச் கடிதத்தில் நீ எழுதியதெல்லாம் கூப்பிட்டது, கத்தியது, கேட்டது. பார்த்தேன் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. அன்று நான் அதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். கேள்வி கேட்கத் தெரிந்த எனக்கு உன் கடிதத்தைப் படிக்கத் தெரியவில்லை.

அக்கா, உனக்குக் கண் தெரிகிறதா?

மருந்தைப் பற்றிக் கேட்டதற்கு என்னை நாலு அறை அறை. ஆனால் இதற்கு மட்டும் பதில் எழுது.

வால்

*

ஜூன் 14

வாலுக்கு,

உன் கடிதத்தை வாசற்படி வெயிலில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ஒரு காலை முழுக்க ஆனது. இதை எழுத அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்தி வைத்துக்கொள்கிறேன். கோணினால் பொறுத்துக்கொள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீ கண்டுபிடித்துவிட்டாய்.

ஒரு வருஷமாகவே இருக்கிறது. முதலில் மூக்குக்கண்ணாடி அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு வாசல் விளக்கைச் சுற்றி வளையம் வந்தது. அப்புறம் காப்பியில் உப்பைப் போட்டேன். எதிர்வயல்காரர் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனார், பாவம். ஜனவரியில் வேலிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தால் பூச்சி தெரிந்தது. மார்ச்சில் ஏதோ மஞ்சளாக ஒன்று ஆடியது, இலையா பூச்சியா என்று தெரியாமல் ஒன்று என்று போட்டேன். ஏப்ரலில் அதுவும் இல்லை.

நான் பொய் எழுதவில்லை. காதால் கேட்டதைத்தான் எழுதினேன். 'பார்த்த பறவை' என்று உன் படிவத்தில் அச்சடித்திருந்தது, அதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டேன். அந்தக் கரையில் கத்துகிறதா இந்தக் கரையில் கத்துகிறதா என்று காது பிரித்துச் சொல்லவில்லை. கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் நீ என் கண்ணுக்காகப் படத்தைத் தப்பென்று சொன்னாய் என்று படித்தபோது பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அந்த வெட்கத்தில்தான் அப்படிக் கோபித்துக்கொண்டேன். மருந்து என்று நீ கேட்டது ஒரு சாக்கு.

ஏன் மறைத்தேன் என்று உனக்குத் தெரியும். கண் போச்சு என்றால் வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

உன் வீட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் கேள். இங்கே கதவிலிருந்து மோட்டார் கொட்டகை நாற்பத்திரண்டு அடி. கிணற்றுக்குப் போகிற வழியில் கல் எங்கே என்று என் காலுக்குத் தெரியும். சோளம் வாடினால் காற்றில் சலசலக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். விடிவது குருவிச் சத்தத்தில் தெரியும். உன் ஆறாவது மாடியில் எனக்கு என்ன தெரியும்? இங்கே எனக்குப் பார்வை மங்கல், அவ்வளவுதான். அங்கே வந்தால் நான் குருடி.

உன் வேலைக்கு என்னால் கெடுதல் வந்துவிட்டதா? அதை மட்டும் மறைக்காமல் எழுது. ஒரு வீட்டுக்கு ஒரு பொய்க்காரி போதும்.

அக்கா

*

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இந்தக் கடிதத்தையும் வெயிலில் வைத்துப் படி. சுருக்கமாகத்தான் எழுதுகிறேன்.

அந்த வாக்கை நீ எனக்குக் கொடுக்கவில்லை, நான்தான் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அத்தான் போன துக்கத்தில் நீ எதைக் கேட்டாலும் சரி என்று தலையாட்டியிருப்பாய், அது எனக்குத் தெரிந்தே கேட்டேன். உண்மையைச் சொன்னால் உன் கைகாலைப் பற்றிய கவலை பாதிதான். மீதிப் பாதி, இந்தக் குழாய் தெரியும் ஜன்னலுக்குள் எனக்குத் துணை வேண்டியிருந்தது. வாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண் திரும்பினாலும் சரி, திரும்பாவிட்டாலும் சரி, நீ அங்கேயே இரு.

ஆனால் டாக்டரிடம் போகாமல் விடமாட்டேன். இது அநேகமாகப் புரை. எடுத்துவிடலாம். மூன்று வாரம் விடுப்பு போட்டு, ஆஸ்பத்திரியில் தேதியும் வாங்கிவிட்டேன்.

வேலையைப் பற்றிக் கேட்டாய். கூட்டத்தில் எழுந்து, "படம் தப்பில்லை. நான்தான் தப்பு. எங்க அக்காவுக்குக் கண் தெரியலைங்கிறது எனக்கே தெரியாம இருந்திருக்கு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். குளிர்பெட்டி உன் படிவத்தைக் கேட்டு வாங்கினார். ஏழாம் கட்டத்து எண்ணிக்கையை எடுத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் புதரில் பொருத்திப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது. பன்னிரண்டு நிலத்திலும் படத்தோடு அவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போனது அது ஒன்றுதான். "கண்ணால பார்த்தவங்க புதருக்குள்ள இருக்கிறதைப் பாதி விட்டுட்டாங்க மேடம். உங்க அக்கா விடல" என்றார். ஆய்வு என் கையிலேயே இருக்கிறது. அவருடைய அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறாராம். அன்று மாலை அவர் வெளியே நின்று ரொம்ப நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

புதுப் படிவம் அச்சடித்திருக்கிறோம். 'பார்த்தது' ஒரு பத்தி, 'கேட்டது' ஒரு பத்தி. எதிர்வயல்காரரிடம் சொல், அவர் புதருக்கும் கட்டம் போட்டாயிற்று. பத்தாவது எண்.

முப்பதாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். முனையில் நில். சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பாய் என்று தெரியும்.

வால்

*

ஜூலை 25

வாலுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? கழுத்து எப்படி இருக்கிறது? சொட்டுமருந்தை நாலு வேளையும் போட்டுக்கொள்கிறேன், எதிர்வயல்காரர் கடிகாரத்தோடு வந்து நிற்கிறார். வலது கண் தேவலை. இடது கண்ணுக்கு அக்டோபரில் வரச் சொல்லிவிட்டார்கள். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாம்மா?" என்று அந்த டாக்டரம்மா திட்டினதை நீ இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக் காட்டப் போகிறாயோ.

கண் வந்ததில் நஷ்டமும் உண்டு. வீடு முழுக்க ஒட்டடை. இதற்குள்ளா ஒரு வருஷம் குடியிருந்தேன்? நீ உயரத்தில் இருந்ததை மட்டும் அடித்துவிட்டு, மீதியைப் பற்றி வாயே திறக்காமல் போயிருக்கிறாய். எதிர்வயல்காரர் இவ்வளவு கிழவராகிவிட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் என்னைப் பற்றி அதையே நினைத்திருப்பார்.

புதுப் படிவம் வைத்திருக்கிறேன். கேட்டது பத்தொன்பது வகை. பார்த்தது பதினொன்று, அதில் கொக்கும் உண்டு, வரப்பில் நாலு கொக்கு வரிசையாக நின்றன. வேலியில் வண்ணத்துப்பூச்சி மூன்று வகை. அதில் ஒன்று மஞ்சள். மார்ச்சில் ஆடியது இலை இல்லை, பூச்சிதான் என்று இப்போது நம்புகிறேன். ஏழாம் கட்டத்தில் நிஜமாக இருப்பது இரண்டே பறவை. இரண்டும் காக்கை. உன் மேலாளரிடம் சொல், அவர் சிரிக்காவிட்டால் அவருக்குப் பதிலாக நீயே ஒரு தடவை சிரித்துக்கொள்.

கட்டு அவிழ்த்த அன்று டாக்டரம்மா, "யாரு தெரியுறாங்க?" என்று கேட்டாள். "என் தங்கச்சி" என்றேன். அதற்கு மேல் அன்றைக்குப் பேச்சு வரவில்லை. நீ மயக்கமருந்து என்று நினைத்துக்கொண்டாய். அது இல்லை. உனக்குத் தலை முழுக்க நரைத்திருக்கிறது. கண் மங்கின பிறகும் என் மனசில் நீ கருகருவென்று பின்னல் போட்டுக்கொண்டுதான் திரிந்தாய். எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. ஆறாவது மாடியில் தனியாக உட்கார்ந்து நரைத்திருக்கிறாய். அக்டோபருக்கு அப்புறம் ஒரு மாதம் அங்கே வந்து இருக்கிறேன். வாக்குக்காக இல்லை. அந்தக் குழாய்களை நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நீ கிளம்பின அன்று முனையில் நின்றோமே. நீ கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "இன்னும் காணோம்க்கா, இன்னிக்கு லேட்டுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மேலே ஒரு மேகம் இல்லை. மணி பத்தரை ஆகப்போகிறது, படத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே புள்ளியில் விழுவோம் என்று சொல்லிச் சிரித்தாய். உன் பை உன் காலடியில் இருந்தது.

செங்கல் சூளைக்கு அந்தப் பக்கம் புழுதி கிளம்பியதை நான் அப்போதே பார்த்துவிட்டேன். சொன்னால் நீ பையைத் தூக்கிவிடுவாய் என்று பேசாமல் நின்றேன்.

அக்கா